“சார் இல்லீங்களா?”: ஓர் இன்வெர்ட்டர் புகாரின் நிகழ்வு ஆய்வு

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே ஒரு கிராமத்து வீடு. மன்னார்குடியில் வாங்கிய 900 வி.ஏ. இன்வெர்ட்டரும் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரியும் ஒரு வருடம்கூட ஒழுங்காக ஓடவில்லை. டெக்னீஷியன் மூன்று முறை வந்து போனார். மூன்று முறையும் பழுது இல்லை என்ற முடிவோடு ஜாப் கார்டு மூடப்பட்டது. ஒரு வகையில் அது உண்மைதான். இன்வெர்ட்டரில் எதுவும் கெட்டுப்போகவில்லை. அதன் பின்பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச் அந்த வீட்டுக்கு ஒத்துவராத பக்கத்தில் கிடந்தது, அவ்வளவுதான். தள்ளிவிட அரை நிமிடம் ஆகாது. அந்த அரை நிமிட வேலை ஏன் மாதக்கணக்கில் இழுத்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

டீலர்களின் சர்வீஸ் ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். அந்த வீட்டுப் பெண்மணி ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்ப, கடைக்காரர் பதறிப்போய் பைலை என்னிடம் தள்ளினார். பில், ஜாப் கார்டுகள், ஹெல்ப்லைன் அழைப்பின் ஒலிப்பதிவு எல்லாம் அதில் இருந்தன. கடை, கம்பெனி, ஆட்கள் யார் பெயரும் இந்தக் கட்டுரையில் வராது.

வீடும் கரண்டும்

கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மகன் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். வீட்டில் இருப்பவர்கள் அந்தப் பெண்மணியும் அவருடைய மாமியாரும். அவர் வீட்டிலேயே தையல் தைக்கிறார். மிஷினில் மோட்டார் மாட்டியிருக்கிறார். டெல்டாவில் இப்படிப்பட்ட வீடுகளுக்குப் பஞ்சமில்லை. பணம் வெளிநாட்டிலிருந்து மனைவியின் வங்கிக் கணக்குக்கு வரும். வயல் குத்தகை, பிள்ளைகளின் பீஸ், வீட்டுக்கு மராமத்து என்று எல்லா முடிவும் அவரே எடுப்பார். ஆனால் கடைக்குப் போகும்போது துணைக்கு ஒரு ஆண் வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். இவருக்குத் துணையாகப் போனவர் கொழுந்தனார். அடுத்த தெருவில் தனிக் குடித்தனம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்த பிறகு, இந்தப் பக்கம் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. இன்வெர்ட்டரை வசதியுள்ளவர்கள் சமாச்சாரமாகப் பார்த்த வீடுகள்கூட அதற்கப்புறம் சீட்டுப் பணத்தில் வாங்கிப் போட்டன. ஆனால் கரண்ட் போவது மட்டும் இங்கே பிரச்சினை இல்லை. கரண்ட் இருந்தும் இல்லாத மாதிரி இருப்பது இன்னொன்று. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. தண்ணீர் கடைமடை வரை வந்து சேரும் வரைக்கும், வராவிட்டால் குறுவை முழுக்கவும், பில்டர் பாயிண்ட் எனப்படும் ஆழம் குறைந்த போர்வெல்கள்தான் நாற்றங்காலைக் காப்பாற்றும். ஒரு டிரான்ஸ்பார்மரில் ஏழெட்டு பம்புசெட் சேர்ந்து இழுத்தால், லைனின் கடைசியில் இருக்கும் வீட்டில் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 170கூடத் தேறாது. இந்த வீடு லைனின் கடைசி வீடு.

கடையில் என்ன கேட்டார்கள்

விற்பனையாளர் நல்ல பையன், பேச்சுத் திறமை உள்ளவர். அவரோடும் பேசினேன், பெண்மணியோடும் பேசினேன். இருவர் சொன்னதும் பெரிதாக முரண்படவில்லை. உள்ளே வந்ததும் அவர் கொழுந்தனாரைப் பார்த்து, “வாங்க சார், என்ன பாக்குறீங்க?” என்றார். எத்தனை பேன், எத்தனை லைட் என்ற கேள்வியும் கொழுந்தனாருக்குத்தான் போனது. அவர் தெரியாமல் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். அண்ணி சொன்னார். அந்தப் பதிலைக் கொழுந்தனார் விற்பனையாளரிடம் திரும்பச் சொன்னார். மூன்று பேரும் ஒரு மேஜையைச் சுற்றித்தான் நின்றிருந்தார்கள். பெண்மணியிடம் நேராக வந்த கேள்வி ஒன்றே ஒன்று: “அக்கா, டிராலி எந்தக் கலர் வேணும்?”

சுவிட்ச் கதை இங்கேதான் தொடங்குகிறது. பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்களில் யூ.பி.எஸ். என்றும் நார்மல் அல்லது வைடு என்றும் இரண்டு நிலை இருக்கும். யூ.பி.எஸ். நிலையில் வைத்தால், உள்ளே வரும் மின்சாரம் ஏறக்குறைய 180 முதல் 260 வோல்ட்டுக்குள் இருந்தால்தான் இன்வெர்ட்டர் அதை ஏற்றுக்கொள்ளும். அதற்குக் கீழே போனால் ‘கரண்ட் போய்விட்டது’ என்று முடிவு கட்டி பேட்டரிக்கு மாறிவிடும். வைடு நிலையில் 100 வோல்ட் வரைக்கும் பொறுத்துக்கொள்ளும். யூ.பி.எஸ். நிலையின் லாபம், மாறும் வேகம். மேஜைக் கம்ப்யூட்டர் அணையாமல் தப்பிக்கும்.

விற்பனையாளர் கேட்டார்: “கம்ப்யூட்டர் இருக்குங்களா சார்?” கொழுந்தனார், “பையன் வச்சிருக்கான்” என்றார். பையன் வைத்திருப்பது லேப்டாப். அதற்குச் சொந்தமாக பேட்டரி இருக்கிறது, மாறும் வேகம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தவிர அது திருச்சி ஹாஸ்டலில் இருக்கிறது. பில்லில் ‘யூ.பி.எஸ். மோடு’ என்று பேனாவால் குறித்தார்கள். மாட்ட வந்தவர் அதைப் பார்த்து சுவிட்சை அந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் உங்கள் வீட்டில் வோல்டேஜ் எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள், டிராலிக்குக் கலர் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

பில்லைக் கொழுந்தனார் பெயரில் போட்டார்கள். பணம் அண்ணியின் போனிலிருந்து ஜிபே மூலம் போனது. வாரண்டியில் பதிவான கைபேசி எண் கொழுந்தனாருடையது. கடையில் இதை யாரும் யோசித்துச் செய்யவில்லை. கை தன்பாட்டுக்கு எழுதியது. பின்னால் வந்த பாதித் தொல்லைக்கு இதுதான் காரணம்.

முதல் அழைப்பு

வாங்கிய கொஞ்ச நாளிலேயே ஏதோ சரியில்லை என்று பெண்மணிக்குத் தெரிந்துவிட்டது. தையல் மிஷினுக்கு இன்வெர்ட்டர் லைன் கொடுக்கவில்லை, அது நேரடி கரண்டில் ஓடுகிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் மிஷின் இழுக்க ஆரம்பிக்கும். மிதியை முழுக்க அழுத்தினாலும் ஊசி சோம்பலாகத்தான் ஏறி இறங்கும். அதே நேரத்தில் இன்வெர்ட்டரில் பேட்டரி விளக்கு எரியும். பத்து மணிக்கு நிஜமாகவே கரண்ட் போனால், அரைமணி நேரம்கூடத் தாங்காமல் கூவிவிட்டு நின்றுவிடும். பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் இதையெல்லாம் நேரம் போட்டு எழுதி வைத்திருந்தார். நான் பார்த்த ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: “7.10 மிஷின் இழுக்குது, பேட்டரி. 9.50 மிஷின் சரி, பேட்டரி லைட் போச்சு.”

இதைவிடத் துல்லியமான புகாரை என் தொழிலில் நான் அதிகம் பார்த்ததில்லை. மிஷின் மெதுவாகவாவது ஓடுகிறது என்றால் கரண்ட் இருக்கிறது. கரண்ட் இருக்கும்போது இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடுகிறது என்றால், வந்த கரண்டை அது ஏற்கவில்லை. மிஷின் சரியானதும் இன்வெர்ட்டரும் சரியாகிறது என்றால், காரணம் வோல்டேஜ். நோட்டின் அந்த இரண்டு வரியிலேயே முழு நோயறிதலும் இருக்கிறது.

ஹெல்ப்லைனுக்குப் பதிவு செய்த எண்ணிலிருந்துதான் பேச வேண்டும். ஆகவே பெண்மணி கொழுந்தனாரின் வீட்டுக்குப் போய், அவருடைய போனிலிருந்து பேசினார். மறுமுனையில் எடுத்தவர் ஓர் இளம்பெண். ஒலிப்பதிவை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்தப் பெண் எடுத்த எடுப்பிலேயே கேட்கிறார்: “மேடம், மெயின்ஸ் இருக்கும்போதே பேட்டரிக்குப் போகுதா? எந்த நேரத்துல மேடம்?”

“சாயங்காலம் ஏழுக்கு மேலம்மா. தையல் மிஷின் மெதுவா ஓடும்போதெல்லாம்...”

இந்த இடத்தில் போன் கை மாறுகிறது. “நீங்க இருங்கண்ணி, நான் பேசுறேன்” என்று கொழுந்தனாரின் குரல். அடுத்து, “ஏம்மா, டெக்னிக்கல் ஆளு யாராவது இருந்தா குடும்மா.”

“சார், நான் டெக்னிக்கல் சப்போர்ட்தான் சார். உங்க வீட்ல லோ வோல்டேஜ்...”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. ஆளை அனுப்பச் சொல்லு.”

அழைப்பு அங்கே முடிகிறது. பதிவேட்டில் ‘டெக்னீஷியன் விசிட் கோரினார்’ என்று மட்டும் இருக்கிறது. பார்த்தவர் ஒரு முனையில், புரிந்துகொள்ளக்கூடியவர் மறுமுனையில். இன்னும் ஒரு நிமிடம் அந்த இரண்டு பெண்களையும் பேச விட்டிருந்தால் அன்றைக்கே சுவிட்ச் தள்ளப்பட்டிருக்கும். கொழுந்தனார் கெட்ட மனிதர் இல்லை, அண்ணிக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார். லோ வோல்டேஜ் இல்லை என்று அவர் சொன்னதும் அவரளவில் பொய் இல்லை. அவர் வீடு டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மூன்று விசிட்

டெக்னீஷியன் மூன்று முறையும் பகலில் வந்தார், பதினோரு மணி வாக்கில். அந்த நேரத்தில் வோல்டேஜ் 220க்கு மேல் இருக்கும். இன்வெர்ட்டர் சமர்த்தாக சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்தார், மெயினை அணைத்துப் பார்த்தார், எல்லாம் வேலை செய்தன.

முதல் ஜாப் கார்டு: “செக் செய்யப்பட்டது. ஓகே.” இரண்டாவது: “சார் இல்லை. லேடீஸ் மட்டும். டெமோ கொடுக்கப்பட்டது.” மூன்றாவது: “கஸ்டமர் ஹேண்ட்லிங் சரியில்லை. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றச் சொல்லப்பட்டது.” தண்ணீர் மட்டம் காட்டும் மிதவைகள் எல்லாம் பச்சையில்தான் இருந்தன என்கிறார் பெண்மணி. டியூபுலர் பேட்டரிக்கு அவ்வளவு சீக்கிரம் தண்ணீர் தேவைப்படாது என்பதால் நான் அதை நம்புகிறேன்.

இரண்டாவது விசிட்டில் அவர் தையல் மிஷின் விஷயத்தை எடுத்திருக்கிறார். டெக்னீஷியன் சிரித்துவிட்டு, “தையல் மிஷினுக்கும் இன்வெர்ட்டருக்கும் சம்பந்தமே இல்லம்மா. அது வேற லைன்” என்றிருக்கிறார். வேறு லைன் என்பதால்தான் அது சாட்சி. இது ஐ.டி.ஐ. முடித்த அவருக்குத் தெரியாத பாடம் இல்லை. இதையே ஒரு மில்காரர், “என் மோட்டார் மெதுவா ஓடும்போது இது பேட்டரிக்குப் போயிடுது” என்று சொல்லியிருந்தால், கை தானாக மல்டிமீட்டரைத் தேடியிருக்கும். தையல் மிஷின் என்றதும் அது பெண்கள் பேச்சாகிவிட்டது. அதில் இருப்பதும் மோட்டார்தான்.

அடுத்து ஓ.டி.பி. வேலை முடிந்ததற்கு வாடிக்கையாளர் சம்மதம் என்று, பதிவான கைபேசிக்கு ஒரு எண் போகும். அதைச் சொன்னால்தான் ஜாப் கார்டு மூடும். மூன்றாவது விசிட்டின்போது கொழுந்தனார் நெல் மூட்டைகளோடு கொள்முதல் நிலையத்தில் முறைக்குக் காத்திருந்தார். டெக்னீஷியன் போன் செய்து “வேலை முடிஞ்சுது சார்” என்றார். அவரும் அங்கிருந்தபடியே எண்ணைப் படித்துச் சொன்னார். புகார் கொடுத்தவர் வாசலில் நின்று, “இன்னும் சரியாகலையே தம்பி” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கம்பெனியின் கணக்கில் ‘வாடிக்கையாளர் திருப்தி’ ஏறிவிட்டது.

டெக்னீஷியன் தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. ஆண் துணை இல்லாத வீட்டுக்குள் ஓர் இளைஞன் நுழைந்து முக்கால் மணி நேரம் இருந்தால், கிராமத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அந்தப் பேச்சு அவனைவிட அந்தப் பெண்ணைத்தான் அதிகம் சுடும். “சார் இல்லீங்களா?” என்று அவன் கேட்பதில் பாதி அந்தப் பயம்தான். மரியாதையும் கூடத்தான். அதற்கு வழி இருக்கிறது. கதவைத் திறந்தே வைக்கலாம், மாமியாரைக் கூடத்தில் உட்காரச் சொல்லலாம், திண்ணையில் நின்றே கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொள்ளலாம். யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி, யாரிடம் விவரம் கேட்க வேண்டும் என்பது வேறு கேள்வி. நம் ஆட்கள் முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலையே இரண்டாவதற்கும் வைத்துக்கொள்கிறார்கள்.

சாயங்காலம் பார்த்தது

நான் ஏழரை மணிக்குப் போனேன். தையல் மிஷின் பிளக்கில் 168 வோல்ட். இன்வெர்ட்டரில் பேட்டரி விளக்கு. சுவிட்சை வைடுக்குத் தள்ளியதும் விளக்கு மாறி சார்ஜ் ஏற ஆரம்பித்தது. மின்விசிறியின் வேகம் கொஞ்சம் குறைந்தது. 168 வோல்ட்டில் அப்படித்தான் சுற்றும். “காத்து கம்மிதான், பரவால்ல, கரண்ட் போனா தாங்குமுல்ல?” என்றார் பெண்மணி. தாங்கும், ஆனால் பேட்டரி ஏற்கெனவே அடிபட்டிருந்தது. முழுதாக சார்ஜ் ஏறாமலே தினமும் காலியாகிக் காலியாகி ஓடினால், தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு குறைந்துவிடும். ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில், பேட்டரியின் ஒரு அறைக்கும் இன்னொரு அறைக்கும் நல்ல வித்தியாசம் காட்டியது. மெதுவாக நீண்ட நேரம் சார்ஜ் போட்டதில் கொஞ்சம் தேறியது, முழுக்க இல்லை.

வோல்டேஜ் குறைவது மின்வாரியத்தின் பொறுப்பு என்பதால் மின்னகத்துக்கும் புகார் கொடுக்கச் சொன்னேன். மாநிலம் முழுமைக்குமாக 2021இல் தொடங்கிய மின்வாரிய அழைப்பு மையம் அது. இந்த முறை அவர் தன் போனிலிருந்தே பேசினார், தன் பெயரிலேயே புகார் எண் வாங்கினார். லைன்மேன் வந்து, வீட்டு இணைப்பைச் சுமை குறைவான வேறு பேஸ் கம்பிக்கு மாற்றிக் கொடுத்தார். மாலை வோல்டேஜ் இப்போது பரவாயில்லை.

கடைக்கு வந்த கடிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் தாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்ச ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணம் கிடையாது. அவர் கடிதத்தில் இந்த இரண்டையும் எழுதி, நோட்டின் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து இணைத்திருந்தார். மூன்று விசிட்டில் வாசல் தாண்டாத நோட்டு, ஜெராக்ஸாகக் கடைக்காரர் மேஜைக்கு வந்தது.

கவுண்டரின் மறுபக்கம்

கடையை ஒரு சுற்று பார்த்தேன். மிக்ஸி, கிரைண்டர், செல்போன் கவர், பில்லிங் இதிலெல்லாம் பெண்கள். டி.வி., செல்போன், இன்வெர்ட்டர், ஏ.சி., லேப்டாப் இதிலெல்லாம் ஆண்கள். ஏன் என்று கேட்டால், “பேட்டரி தூக்கணும் சார்” என்றார் கடைக்காரர். ஆசிட் ஊற்றிய 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும். அந்த விற்பனையாளரும் அதைத் தூக்குவதில்லை, லோடுமேன்கள் இரண்டு பேர் தூக்குகிறார்கள். உண்மையான வித்தியாசம் ஊக்கத்தொகை. இன்வெர்ட்டர், ஏ.சி. விற்றால் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கிடைக்கும். செல்போன் கவருக்கு ஒன்றும் கிடையாது.

பில்லிங்கில் இருந்த பெண் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் (இ.சி.இ.) டிப்ளமோ முடித்தவர். ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நடந்த நோக்கியா ஆலையில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். அந்த வட்டாரத்து மின்னணு ஆலைகளில் இன்றைக்கும் நிலைமை அதுதான். இந்த டெல்டாவிலிருந்தும் பெண் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். போனைப் பொருத்தும் வேலைக்குப் பெண் கை வேண்டும் என்கிறோம். அதே போன் கவுண்டருக்கு வந்ததும் அதைப் பற்றிப் பேச ஆண் வேண்டும் என்கிறோம். இதில் என்ன தர்க்கம் என்று எனக்கு விளங்கவில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. நான் நின்றிருந்தபோது இண்டக்‌ஷன் அடுப்பு வாங்க வந்த ஒருவர், எந்தப் பாத்திரம் அதில் வேலை செய்யும் என்று கேட்டார். “வீட்ல கேட்டுட்டு வாங்க சார்” என்று அனுப்பிவிட்டார்கள். அவர் மெஸ் நடத்துகிறவராம்.

மாற்றியது, மாற்ற முடியாதது

ஜாப் கார்டில் ‘பழுதை நேரில் பார்த்தவர்’ என்று ஒரு கட்டம் சேர்த்தோம். அவரிடம் பேசாமல் கார்டை மூடக்கூடாது. பழுது எந்த நேரத்தில் வருகிறது என்று இன்னொரு கட்டம். சாயங்காலம் வருகிற பழுதுக்குச் சாயங்காலம்தான் போக வேண்டும். டெக்னீஷியன்கள் முணுமுணுத்தார்கள். பெட்ரோல் படி கொஞ்சம் கூட்டியதும் அடங்கியது. பில் போடும்போது, “யார் பெயரில்?” என்று இருவரையும் பார்த்துக் கேட்க வேண்டும், சாதனம் இருக்கும் வீட்டில் வசிப்பவரின் எண்ணைத்தான் பதிய வேண்டும். இது எளிதாக நடைமுறைக்கு வந்தது. இந்த வீட்டின் எண்ணை மாற்றுவதில் மட்டும் கம்பெனி முறை சிரிப்பு மூட்டியது. புதிய எண்ணைப் பதிய, பழைய எண்ணுக்கு ஓ.டி.பி. போகும். கொழுந்தனார் வயலில் இருந்தார், பொழுது சாய்ந்துதான் கிடைத்தார்.

பேட்டரி விலையில் பாதியைக் கடைக்காரர் ஏற்றுக்கொண்டு புதியது கொடுத்தார். கம்பெனி வாரண்டியில் கொடுக்க மறுத்துவிட்டது. ஜாப் கார்டில் ‘கஸ்டமர் ஹேண்ட்லிங் சரியில்லை’ என்று இருக்கிறதாம்.

இ.சி.இ. படித்த பெண் இப்போது இன்வெர்ட்டர் கவுண்டரில் நிற்கிறார். சாயங்கால வோல்டேஜைக் கேட்காமல் அவர் எதையும் விற்பதில்லை. வருகிறவர்களில் சிலர், பெண்கள் உட்பட, அவரைத் தாண்டிப் பார்த்து, “தம்பி யாரும் இல்லையாம்மா?” என்று கேட்கத்தான் செய்கிறார்கள். பழைய விற்பனையாளர் அப்போது, “அவங்களையே கேளுங்க, அவங்களுக்குத்தான் தெரியும்” என்று கை காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. பெரும்பாலும் காட்டுகிறார். கூட்ட நேரத்தில் அவரே பேசி பில்லைப் போட்டுவிடுகிறார், ஏனென்றால் ஊக்கத்தொகை இன்னும் பில்லில் பெயர் போட்டவருக்குத்தான் போகிறது. அதை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். தீபாவளி விற்பனை முடியட்டும் என்கிறார் கடைக்காரர்.